பிளஸ் 1 பொதுத்தேர்வு இல்லாத முதல் மார்ச்: நிம்மதி சரி, பாடத்தை நடத்தினாங்களான்னு யார் கேட்பது?

மார்ச் 2-ல் பிளஸ் 2, மார்ச் 11-ல் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிளஸ் 1 மாணவர்களுக்கு இந்த வருஷம் பொதுத்தேர்வு கிடையாது. வீட்டில் கொண்டாடலாம். ஆனால் 2017-ல் இந்தத் தேர்வைக் கொண்டுவந்த காரணம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

திருச்சி மன்னார்புரம் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அக்கா பிளஸ் 2. தம்பி பிளஸ் 1. கடைக்குட்டி பத்தாவது. போன வருஷமாக இருந்திருந்தால் அந்த வீட்டில் மார்ச் மாதம் டி.வி ஓடியிருக்காது, உறவுக்காரர்கள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று பேருக்கும் பொதுத்தேர்வு, மூன்று ஹால் டிக்கெட், மூன்று ரிசல்ட். இந்த வருஷம் அந்தத் தம்பி மட்டும் கொஞ்சம் ஜாலியாகச் சுற்றுகிறான். ஆண்டுத்தேர்வு உண்டு. ஆனால் அது அவனுடைய பள்ளிக்கும் அவனுக்கும் இடையிலான விஷயம்.

கடந்த ஆகஸ்ட் 8-ம் தேதி சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதல்வர் ஸ்டாலின் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார். டெல்லி உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி முருகேசன் தலைமையிலான குழு 2024 ஜூலையில் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் உருவானது அது. இருமொழிக் கொள்கை, 3, 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு கூடாது என்பதெல்லாம் எதிர்பார்த்ததுதான். பெற்றோர்கள் நிமிர்ந்து பார்த்தது வேறொரு வரியை: பிளஸ் 1 பொதுத்தேர்வு ரத்து, அதுவும் இந்தக் கல்வியாண்டிலிருந்தே. பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி திருச்சி மாவட்டம் திருவெறும்பூர் தொகுதியின் எம்.எல்.ஏ என்பதால், ஊரில் இந்தச் செய்தி கொஞ்சம் கூடுதல் வேகத்திலேயே சுற்றியது.

முதலில் தேதிகள்

வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு அட்டவணை சுற்றுவதால் இதை முடித்துவிடுவோம். பிளஸ் 2 எழுத்துத் தேர்வு மார்ச் 2 திங்கள் தொடங்கி மார்ச் 26 வரை. பத்தாம் வகுப்பு மார்ச் 11 புதன் தொடங்கி ஏப்ரல் 6 வரை. இரண்டுமே மொழிப்பாடத்தில்தான் தொடங்குகின்றன. அறிவிக்கப்பட்டபடி ரிசல்ட் பிளஸ் 2-வுக்கு மே 8, பத்தாவதுக்கு மே 20. போன வருஷம் பிளஸ் 2 ரிசல்ட் சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னதாக, மே 8 அன்றே வந்தது நினைவிருக்கலாம். அதனால் மே முதல் வாரத்திலிருந்தே போனைச் சார்ஜில் வைத்திருப்பது நல்லது.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு நல்ல சேதி: கணக்குப்பதிவியல் தேர்வுக்கு இந்த முறை சாதாரண கால்குலேட்டர் கொண்டுபோகலாம். சயின்டிஃபிக் ரகம் எல்லாம் வேண்டாம்.

மருத்துவம் நோக்கிப் போகிறவர்களுக்கு நீட் மே 3, ஞாயிற்றுக்கிழமை. விண்ணப்பிக்க என்.டி.ஏ கொடுத்திருக்கும் அவகாசம் மார்ச் 8 வரை. அதாவது பிளஸ் 2 தேர்வு தொடங்கிய முதல் வாரத்துக்குள் இதையும் முடித்தாக வேண்டும். அக்கா இயற்பியல் படித்துக்கொண்டிருக்கும்போது போட்டோ சைஸ், கையெழுத்து ஸ்கேன் என்று அலைவது வீட்டிலிருக்கும் வேறு யாராவதாக இருந்தால் நல்லது. ஜே.இ.இ மெயின் இரண்டாவது சுற்று ஏப்ரல் முதல் பாதியில்.

சி.பி.எஸ்.இ பிள்ளைகள் வேறு உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்தாவது தேர்வு பிப்ரவரி 17-லேயே ஆரம்பித்துவிட்டது. இந்த ஆண்டிலிருந்து பத்தாவதுக்கு இரண்டு வாய்ப்பு: முதல் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம், மதிப்பெண் போதவில்லை என்று நினைப்பவர்கள் மே மாதம் அதிகபட்சம் மூன்று பாடங்களை மறுபடி எழுதலாம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் தேர்வு குறைகிறது, பக்கத்து வீட்டில் கூடுகிறது.

ஊர்க்காலண்டரையும் பார்க்க வேண்டும். ரமலான் நோன்பு மார்ச் மூன்றாவது வாரம் வரை போகிறது. நோன்பு பிடித்துக்கொண்டே காலை பத்து மணியிலிருந்து ஒன்றேகால் வரை தேர்வு எழுதும் பிள்ளைகள் திருச்சியில் நிறைய பேர். மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரம் பூச்சொரிதல் தொடங்கும். இந்த வருஷம் அது மார்ச் 8. மண்ணச்சநல்லூர், சமயபுரம் பக்கத்திலிருந்து தேர்வு மையத்துக்கு வருகிறவர்கள் அந்த நாள்களில் பஸ்ஸை நம்பி கடைசி நிமிஷத்தில் கிளம்ப முடியாது.

பிளஸ் 1 பொதுத்தேர்வு ஏன் வந்தது?

இதைப் படிக்கும் பலருக்கு இது சொந்த அனுபவம். தமிழ்நாட்டில் பிளஸ் 1 பொதுத்தேர்வு எழுதிய முதல் பேட்ச், 2018 மார்ச் பேட்ச். அவர்களுக்கு இப்போது 24 வயது. பெங்களூரிலோ ஓ.எம்.ஆரிலோ வேலை பார்த்துக்கொண்டு, வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ‘தம்பிக்கு என்ன குரூப் எடுக்கலாம்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்.

அவர்களுக்கு முந்தைய தலைமுறைக்குப் பிளஸ் 1 என்பது ‘ரெஸ்ட் எடுக்கும் வருஷம்’. 1978-ல் பி.யூ.சி போய் மேல்நிலைக் கல்வி வந்தது. முதல் பிளஸ் 2 தேர்வு 1980-ல். அன்றிலிருந்து 2017 வரை பொதுத்தேர்வு பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் மட்டும்தான். அப்போதெல்லாம் பொறியியல், மருத்துவம் சேர நுழைவுத்தேர்வு தனியாக இருந்ததால், பிளஸ் 1 பாடத்தை முழுக்க ஒதுக்கிவிட முடியாது.

2006-ல் சட்டம் வந்து, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வு போனது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவைத் திறந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. கூடவே ஒரு பக்க விளைவும் வந்தது. பிளஸ் 2 மதிப்பெண் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்று ஆன பிறகு, சில தனியார் பள்ளிகள் ஒரு சுலபமான கணக்குப் போட்டன. பிளஸ் 1 பாடத்தை யாரும் கேட்கப்போவதில்லை என்றால் அதை ஏன் நடத்த வேண்டும்? பிளஸ் 1 சேர்ந்த ஓரிரு மாதத்திலேயே பிளஸ் 2 புத்தகம் கைக்கு வந்துவிடும். இரண்டு வருஷமும் அதே புத்தகம். எந்தப் பக்கத்தில் எந்தக் கேள்வி என்று கண்ணை மூடிச் சொல்லும் அளவுக்குப் பயிற்சி. 1200-க்கு 1180 எல்லாம் அப்படித்தான் மலிந்தது.

அதற்கான விலையைக் கல்லூரியில் கட்டினார்கள். பொறியியல் முதல் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் வைப்பவர்கள் ஏன் இவ்வளவு பேர் என்ற கேள்விக்குக் கல்வியாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில், பிளஸ் 1 பாடம் இல்லாத அஸ்திவாரம் என்பதுதான். 2017-ல் நீட் தமிழ்நாட்டுக்கும் கட்டாயமானபோது இந்த ஓட்டை எல்லோர் கண்ணிலும் பட்டது. நீட்டுக்கு 11, 12 இரண்டு வகுப்புப் பாடமும் சேர்த்துத்தான் கேள்வி. அதே 2017 மே மாதம் அப்போதைய அமைச்சர் செங்கோட்டையன் காலத்தில் அரசாணை வந்தது: பிளஸ் 1-க்கும் பொதுத்தேர்வு, ஒவ்வொரு வகுப்புக்கும் 600 மதிப்பெண், இரண்டும் சேர்த்து 1200.

பிறகு ஏன் போனது?

உண்மையில் அந்தத் தேர்வின் பல்லைப் பிடுங்கியது 2018 செப்டம்பரிலேயே. முதல் பேட்ச் எழுதி முடித்த சில மாதங்களில், ‘உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் 2 மதிப்பெண் மட்டும் போதும், பிளஸ் 1 மதிப்பெண் கணக்கில் வராது’ என்று அரசு மாற்றியது. மாணவர்களின் அழுத்தத்தைக் குறைக்கத்தான் அந்த மாற்றம். ஆனால் அதற்குப் பிறகு பிளஸ் 1 தேர்வு, பொதுத்தேர்வின் பயமும் செலவும் மட்டும் கொண்ட, பயன் எதுவும் இல்லாத தேர்வாக நின்றுபோனது. பாஸ் ஆனால் போதும். பாஸ் ஆகாவிட்டாலும் பிளஸ் 2 போகலாம், அரியர் எழுதிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு தடவை அந்த மதிப்பெண் நிஜமாகவே உதவியது. 2021-ல் கொரோனாவால் பிளஸ் 2 தேர்வு நடக்காமல் போனபோது, பத்தாவதிலிருந்து 50 சதவீதம், பிளஸ் 1 எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் 2 செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டித்தான் மார்க் போட்டார்கள். அந்த ஒரு பேட்ச்சுக்கு மட்டும் பிளஸ் 1 தேர்வு கை கொடுத்தது.

மற்றபடி அதைக் கைவிடக் காரணங்கள் வலுவானவை. பதினைந்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு என்பது யாருக்கும் சாதாரணமில்லை. ஆசிரியர்களுக்கும் மார்ச்சிலிருந்து மே வரை கண்காணிப்பு, திருத்தும் பணி என்றே போய்விடும். 2025 மார்ச்சில் நடந்த கடைசி பிளஸ் 1 பொதுத்தேர்வை 8,07,098 பேர் எழுதினார்கள். தேறியவர்கள் 7,43,232 பேர், 92.09 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கழித்துப் பாருங்கள்: 63,866 பேர் ஏதோ ஒரு பாடத்திலாவது விழுந்தார்கள். துணைத்தேர்விலும் கரையேறாதவர்கள் பிளஸ் 2 சுமையோடு பழைய பாடத்தையும் முதுகில் தூக்கிக்கொண்டு இந்த மார்ச்சுக்கு வருகிறார்கள். தேர்வு ரத்து என்பது அவர்களுக்குப் பொருந்தாது, பழைய அரியரை எழுதித்தான் ஆக வேண்டும். ‘ரத்துன்னு சொன்னாங்களே’ என்று வீட்டில் யாராவது விட்டுவிட்டால் சிக்கல். பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டு, ஹால் டிக்கெட்டில் அந்தப் பாடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

சரி, இதுல கவலைப்பட என்ன இருக்கு?

2017-ல் பிடித்த நோய்க்கு மருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. நோய் போனதா என்று யாரும் பார்க்கவில்லை.

பிளஸ் 2 மதிப்பெண் மட்டும்தான் எல்லாம் என்ற நிலை 2007-ல் இருந்ததுபோலவே இப்போதும். பொறியியல் கலந்தாய்வின் 200-க்கான கட்-ஆஃப் பிளஸ் 2 கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்றுதான் கணக்கிடப்படுகிறது. ஒரு பள்ளி பிளஸ் 1 இயற்பியலை ஆகஸ்ட்டிலேயே மூட்டை கட்டிவிட்டுப் பிளஸ் 2 மின்னியலுக்குப் போனால், பள்ளிக்கு வெளியே இருந்து அதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இந்த மார்ச்சிலிருந்து கிடையாது. ஒப்புக்கு இருந்த ஒரே ஏற்பாடு அந்தப் பொதுத்தேர்வுதான்.

விட்டுப்போனால் என்ன விட்டுப்போகும் என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும். பிளஸ் 1 இயற்பியலில் பதினோரு அலகுகள். இயக்கவியல், இயக்க விதிகள், வேலை ஆற்றல் திறன், ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், அலைவுகள், அலைகள் எல்லாம் இந்த வருஷத்தில்தான். பிளஸ் 2 புத்தகத்தில் இவை திரும்ப வராது. அங்கே நிலைமின்னியலில் நேரடியாக வெக்டரைப் போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். கணிதத்தில் இன்னும் மோசம். எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை பிளஸ் 1 புத்தகத்தின் பின்பாதியில் இருக்கிறது. பிளஸ் 2-வில் வருவது அவற்றின் பயன்பாடுகள். முன்னதைப் படிக்காமல் பின்னதைப் படிப்பவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்துதான் தப்பிக்க வேண்டும். மனித உடலைப் பற்றிய பாடங்களான செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம் என எல்லாமே பிளஸ் 1 விலங்கியல். 180 கேள்வியில் 90 உயிரியல் என்று இருக்கும் நீட்டில், டாக்டர் ஆக நினைக்கும் பிள்ளை இதைத் தொடாமல் போனால் எப்படி?

காமர்ஸ் எடுத்தால் இந்தப் பிரச்னை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் எல்லாம் பிளஸ் 1. பிளஸ் 2-வில் கூட்டாண்மை, நிறுமக் கணக்குகள். பேரேட்டில் பற்று எது வரவு எது என்று தடுமாறுகிறவர் கூட்டாளி விலகல் கணக்கில் என்ன செய்வார்? சி.ஏ ஃபவுண்டேஷன் கனவு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

திருச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கசப்பு உண்டு. மன்னார்புரத்திலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் இருபது கிலோமீட்டருக்குள் துவாக்குடி. அங்கே நாட்டின் முன்னணி என்.ஐ.டி. அதில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கே. ஆனால் உள்ளே போகும் வழி ஜே.இ.இ மெயின், அதன் பாடத்திட்டம் இரண்டு வகுப்பும் சேர்ந்தது. பிளஸ் 2-வில் 590 வாங்கிய பிள்ளை, பஸ்ஸில் அந்த கேட்டைத் தாண்டி வேறெங்கோ போய்ப் படிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த விட்டுப்போன வருஷம்தான்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பொதுத்தேர்வு இல்லாதபோது பிளஸ் 1-ல் பாஸ், ஃபெயில் போடும் அதிகாரம் பள்ளியிடம் வருகிறது. 2018-க்கு முன்பு, பிளஸ் 2 தேர்ச்சி விகிதம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பிளஸ் 1-லேயே சுமாரான மாணவர்களைத் தேர்ச்சி இல்லை என்று நிறுத்துவதும், டி.சி வாங்கிக்கொள்ளச் சொல்வதும் பெற்றோர் பேச்சில் அடிக்கடி வந்த புகார்கள். பொதுத்தேர்வும் அரியர் முறையும் இருந்த காலத்தில் அந்தக் கதவு மூடியிருந்தது. அது மறுபடி திறக்காமல் பார்த்துக்கொள்வது பள்ளிக்கல்வித் துறையின் வேலை. ரிசல்ட் போஸ்டரில் ‘100% தேர்ச்சி’ என்று அடிக்கும் ஆசை இருக்கும்வரை இந்தக் கண்காணிப்பும் தேவைப்படும்.

அப்போ தம்பி என்ன செய்யணும்?

முதல் வேலை ரொம்ப எளிது. பிளஸ் 1 புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை எடுத்து, கடைசி மூன்று பாடங்களைப் பிரித்துப் பாருங்கள். அடிக்கோடு, பென்சில் குறிப்பு, காபிக் கறை ஏதாவது இருக்கிறதா? நோட்டில் அந்தப் பாடங்களுக்கான கணக்குகள் இருக்கின்றனவா? புத்தகம் அச்சகத்திலிருந்து வந்த மாதிரி மணக்கிறது என்றால் விஷயம் புரிந்துவிடும். பள்ளி வகுப்பறையில் என்ன நடந்தது என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை.

இப்படித் தெரியவந்தால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஆண்டுத்தேர்வுக்கு எந்தெந்தப் பாடம் போர்ஷன் என்று பள்ளியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். முழுப் புத்தகமும் போர்ஷன் என்று எழுதிக் கொடுத்தால், நடத்தியாக வேண்டிய நிர்பந்தம் அவர்களுக்கும் வரும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒருவர் கேட்டால் தொந்தரவு, பத்துப் பேர் கேட்டால் கோரிக்கை. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இதற்கென்றே இருக்கிறது.

பிறகு, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை கிடைக்கும் நேரம். பிளஸ் 2-வுக்குப் போகிற பிள்ளைகளைக் கோடை விடுமுறையிலேயே பிளஸ் 2 சிறப்பு வகுப்புக்கு இழுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாரங்களில் கணிதத்தின் வகையிடலையும் இயற்பியலின் முதல் ஐந்து அலகுகளையும் சொந்தமாக முடித்தவர்களுக்குப் பிளஸ் 2 பாதி லேசாகிவிடும். இதற்குக் காசு கொடுத்துக் கோச்சிங் போயே ஆக வேண்டும் என்பதில்லை. புத்தகங்கள் பி.டி.எஃப்-ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, 2018 முதலான பழைய பிளஸ் 1 வினாத்தாள்களும் இணையத்தில் இருக்கின்றன. அந்தத் தேர்வு போனாலும் அதன் வினாத்தாள்கள் வீணாகவில்லை. நேரம் வைத்து ஒன்றை எழுதிப் பார்த்தால் தம்பியின் நிலவரம் தெரிந்துவிடும். 24 வயது அண்ணன், அக்காக்களிடம் அந்த வினாத்தாள் இன்னும் பரணில் கிடந்தாலும் ஆச்சரியமில்லை.

உண்மையான முடிவு பத்தாவது வீட்டில்தான்

அக்காவுக்கு இனி செய்ய ஒன்றும் பெரிதாக இல்லை, படித்தது படித்ததுதான். தம்பிக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. இந்த மாற்றம் முழுசாகப் பாதிக்கப்போவது கடைக்குட்டியைத்தான். ஏப்ரல் 6-ல் தேர்வு முடிந்து மே 20-ல் ரிசல்ட் வருவதற்குள், பிளஸ் 1 எங்கே, என்ன குரூப் என்று அந்த வீடு முடிவு செய்திருக்கும். பல பள்ளிகள் ரிசல்ட்டுக்கு முன்பே சேர்க்கையை ஆரம்பித்துவிடும். பொதுத்தேர்வு இல்லாத பிளஸ் 1-ல் நுழையப்போகும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதுதான் இரண்டு வருஷத்தையும் தீர்மானிக்கும்.

2025 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலச் சராசரி 93.80 சதவீதம். திருச்சி மாவட்டம் 96.61 சதவீதத்தோடு முதல் ஐந்து மாவட்டங்களில் ஒன்று. நல்ல மதிப்பெண்ணோடு நிறைய பேர் பிளஸ் 1 வாசலில் நிற்கும் ஊர் என்பதால், விளம்பரங்களும் இங்கே அதிகம். ‘நீட், ஜே.இ.இ இன்டக்ரேட்டட்’ என்ற போர்டைப் பார்த்ததும் காசோலையை நீட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘பிளஸ் 2-வில் எத்தனை சென்டம்?’ என்பதல்ல. ‘பிளஸ் 1 பாடத்தை எந்த மாதம் முடிப்பீங்க? பிளஸ் 2 பாடத்தை எந்த மாதம் தொடங்குவீங்க?’ இந்த இரண்டுக்கும் மழுப்பாமல் பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கேயே பிளஸ் 1 முடித்த ஒரு மாணவரைப் பிடித்து, அவருடைய இரண்டாம் தொகுதிப் புத்தகத்தைப் பார்க்க முடிந்தால் மீதியும் தீர்ந்துவிடும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. பலர் இதைத் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியதும், ‘பிளஸ் 1-க்காவது நல்ல பிரைவேட் ஸ்கூல்ல போடுவோம்’ என்று கடன் வாங்கிச் சேர்க்கும் பெற்றோர் உண்டு. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவதுவரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் வாய்ப்பு உண்டு.) பிளஸ் 1-ல் தனியாருக்கு மாறிய அன்றே அந்த உரிமை போய்விடும். இந்த ஒதுக்கீட்டில் இடம் பிடிப்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கல்லூரி போன பிறகு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டுவரை எங்கே படித்தார் என்பதுதான் தகுதி. இந்த இரண்டில் அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர்களுக்கும் இடமுண்டு.

குரூப் விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. கணிதத்தை விட்டுவிட்டால் பொறியியலுக்கும் பி.ஆர்க்குக்கும் பொதுவாக வழி அடைபடும். உயிரியலை விட்டால் மருத்துவம், நர்சிங், பாராமெடிக்கல் கிடையாது. இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்குக் கணிதம், உயிரியல் இரண்டும் இருக்கும் குரூப் வசதியாகத் தெரியும். ஆனால் பொதுத்தேர்வு என்ற துரத்தல் இல்லாத பிளஸ் 1-ல் அந்த நான்கு பெரிய பாடங்களையும் சொந்தமாகத் துரத்திப் படிக்கும் பிள்ளைதானா என்று கேட்டுக்கொள்வதும் முக்கியம். பாலிடெக்னிக் நினைப்பவர்களுக்குப் பத்தாவது மார்க்கே போதும். மூன்று வருஷ டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், பிளஸ் 1 சர்ச்சை அவர்களைத் தொடவே தொடாது.

ரிசல்ட்டில் ஏதாவது ஒரு பாடம் போனாலும் வருஷம் போகாது. பத்தாவது, பிளஸ் 2 இரண்டுக்கும் ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு நடக்கும். அதில் தேறி அதே ஆண்டு கல்லூரியிலோ பிளஸ் 1-லோ சேர்ந்துவிடலாம். விண்ணப்பிக்கும் நாள்கள் ரிசல்ட் வந்த சில நாள்களிலேயே முடிந்துவிடும் என்பதால், அந்த வாரம் ஊருக்குக் கிளம்பாமல் பள்ளியோடு தொடர்பில் இருந்தால் போதும்.